ரோமில் ஒரு நாள்: த்ரெவியா, நவோனாவா, ஜனிக்குலம் குன்றா?

ரோமுக்குப் போகிறவர்கள் நீரூற்று என்றதும் த்ரெவிக்குத்தான் ஓடுகிறார்கள். கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், நான் அதிக நேரத்தை வேறு இடங்களுக்கு ஒதுக்கச் சொல்வேன்.

த்ரெவி அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1762-இல் முடிந்த வேலை, சுமார் 26 மீட்டர் உயரம், பின்னால் ஒரு முழு அரண்மனைச் சுவர். குறுகலான சந்துகளில் நடந்து வரும்போது கண்ணில் படுவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா அமைத்த கால்வாயைப் பிற்காலத்தில் சீர்செய்து, அதன் வழியாகத்தான் இங்கே தண்ணீர் வருகிறது. ஆனால் பகல் முழுக்கக் கூட்டம். விளிம்பில் உட்கார்ந்தால் காவலர் விசில் ஊதுவார். விடியற்காலையில் போக முடிந்தால் போங்கள்; முடியாவிட்டால் பத்து நிமிடம் போதும்.

நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினி வடிவமைத்த நான்கு நதிகளின் நீரூற்று (1651) வேறு ரகம். இதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம், ஒவ்வொரு பக்கமும் ஒரு கதை சொல்லும். நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா, அப்புறம் நம் கங்கை! தாயாகவே கும்பிட்டுப் பழகிய கங்கை, இங்கே கையில் துடுப்புடன் தாடி வைத்த ஆணாக உட்கார்ந்திருக்கிறாள். படகு ஓட்டத் தகுந்த ஆறு என்று காட்டத்தான் அந்தத் துடுப்பு. நைலின் முகத்தைத் துணி மூடியிருக்கிறது. அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று அன்று ஐரோப்பாவில் தெரியாது என்பதால்தான் அப்படி. சிற்பம் பார்க்கிற ஆர்வம் இருந்தால் த்ரெவியைவிட இதுதான் பல மடங்கு மேல்.

ஆனால் தண்ணீரைத் தண்ணீராகவே ரசிக்க ஜனிக்குலம் குன்றுக்கு ஏறுங்கள். அங்கே உள்ள அக்வா பாவ்லா நீரூற்று (1612) குன்றின் மேலேயே தண்ணீர் வந்து சேரும்படி கட்டியது. அதனால் வளைவுகளுக்குள்ளிருந்து அருவி மாதிரி கொட்டுகிறது. முகப்பு கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக அதன் மேல் விழும். சாலையைக் கடந்தால் எதிரே ரோம் முழுவதும் விரிந்து கிடக்கும். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், பேருந்தும் உண்டு. என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் கணக்கு மாறும். அவர்களுக்கு வில்லா போர்கேசே தோட்டம்தான் சரி. நிழல், புல்தரை, குளத்தின் நடுவே மருத்துவக் கடவுள் எஸ்குலாப்பியஸின் கோயில், வாடகைக்குத் துடுப்புப் படகு. தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கலைக்கூடத்துக்கு மட்டும் சீட்டு வேண்டும்.

எங்கே போனாலும் காலி பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம்.