சேலம் வெயிலுக்கு எந்த க்ரீம் நிற்கும்? வீட்டுப் பிறந்தநாள் கேக் அலங்காரம், ஓர் ஒப்பீடு

கேக் சுடுவது பெரிய விஷயமில்லை, குக்கரில் கூட நன்றாக வந்துவிடும். அதற்கு மேலே என்ன பூசுவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூபில் செய்து காட்டுபவர் ஏசி அறையில் நிற்கிறார், நாம் சேலத்தில் மே மாத மதியம் ஃபேனைக் கூடப் போடாமல் (போட்டால் ஐசிங் சர்க்கரை பறக்கும்) அடுப்படியில் நிற்கிறோம். அதனால் எது அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், மாமா வீட்டில் எல்லோரும் வந்துசேர்ந்து கேக் வெட்டும் வரை எது நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் விப்பிங் க்ரீம். நம் ஊர் பேக்கரிகளில் பெரும்பாலும் பூசுவது பால் க்ரீம் அல்ல, தாவரக் கொழுப்பில் செய்த நான்-டெய்ரி க்ரீம். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், நாம் சேர்க்கத் தேவையில்லை. ஃப்ரீசரில் இருக்கும் பாக்கெட்டை முந்தின நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, லேசாக ஐஸ் துகள் இருக்கும்போதே அடித்தால் இரண்டு மூன்று மடங்கு பொங்கும். பாத்திரத்தையும் பீட்டரையும் கூட ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பூப்போட, பார்டர் பிடிக்க இதுதான் சுலபம், குழந்தைகளுக்கும் இந்த ருசி பழக்கம். சிலருக்கு அண்ணத்தில் எண்ணெய் ஒட்டியது போல இருக்கும், எனக்கும் அப்படித்தான். கடையில் ‘ஃப்ரெஷ் க்ரீம்’ என்று டப்பாவில் கிடைப்பதை வாங்கி அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், அதில் கொழுப்பு 25 சதவீதம்தான், 30-க்கு மேல் இல்லாமல் க்ரீம் கெட்டியாக நிற்காது.

பட்டர் க்ரீம் பார்க்க அத்தனை நேர்த்தி. ரோஜா இதழ் இதழாக நிற்கும், ஓரம் கத்தி போல வரும். ஆனால் வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும், சேலத்தில் ஏப்ரலில் அதைக் காலையிலேயே தொட்டுவிடுவோம். தித்திப்பும் அதிகம், ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சர்க்கரை. வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளியாவது இருக்கும் நம் குடும்பங்களில் பாதி கேக் தட்டில் ஓரமாக ஒதுக்கப்படும். மார்கழியில் பிறந்தவர்களுக்கும், ஏற்காட்டில் வைத்து வெட்டுபவர்களுக்கும் மட்டும் இதைச் சொல்வேன். அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அது கெட்டியாகவே இருக்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியில் வைத்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஃபாண்டன்ட், அதாவது மாவு போலத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரைப் பிசைவு, எனக்குப் பிடிக்காது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், தின்னும்போது உரித்துத் தட்டில் வைத்துவிடுவார்கள். மலையில் மூடுபனி நாளில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்க்கும். பேரனுக்கு ஒரு குட்டி யானை, ஒரு கார், அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் ஓட்டு கனாஷுக்கு, அதாவது சூடான க்ரீமில் சாக்லேட்டை உருக்கிக் கலக்கும் பூச்சுக்கு. டார்க் சாக்லேட் 200 கிராம், க்ரீம் 100 கிராம். வெளியூர்க் குறிப்புகளில் சரிபாதி என்று இருக்கும், நம் வெயிலுக்கு இரண்டுக்கு ஒன்று வேண்டும். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. இதற்கு அந்த 25 சதவீத டப்பா க்ரீமே போதும். ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்க வேண்டும். ஒரு துளி தண்ணீர் கூட உருகும் சாக்லேட்டில் படக்கூடாது. பூசி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், காரில் மடியில் வைத்துக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடலாம். விப்பிங் க்ரீம் கேக்கை வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கனாஷில் ஒரே குறை நிறம். பொண்ணு பிங்க் கேட்டால் வெள்ளைச் சாக்லேட்டில்தான் செய்ய வேண்டும், அதற்கும் எண்ணெயில் கரையும் கலர் நல்லது. 

மேலே என்ன வைப்பது? மாம்பழ சீசனில் கேள்வியே வேண்டாம், மல்கோவாவோ இமாம் பசந்தோ இருக்கும்போது சர்க்கரை முத்து எதற்கு? ஆனால் நறுக்கிய துண்டைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, வெட்டுவதற்குச் சற்று முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் நீர் விட்டு க்ரீமில் ஓடை ஓடும். ஜெம்ஸ் மிட்டாயும் அப்படித்தான், முந்தின நாளே பதித்தால் காலையில் ஒவ்வொன்றைச் சுற்றியும் கலர் வட்டம். பெயர் எழுத நாசில் (க்ரீம் பிழியும் முனை) செட் வாங்காதீர்கள். மருதாணி கோன் சுற்றத் தெரிந்த கை போதும், பட்டர் பேப்பரில் சுற்றி உருக்கிய சாக்லேட்டை ஊற்றி நுனியை வெட்டினால் முடிந்தது. முதலில் தட்டில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், ‘ஸ்ரீ’ வரும் பெயராக இருந்தால் இரண்டு தடவை.