விமானி அறைப் பார்வை: சேமித்த கோணமா, தலையசைவா?

வீட்டுக் கணினியின் விமான விளையாட்டில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டி, திருச்சி விமான நிலையத்தின் மேற்கு நோக்கி இறங்கும் 27ஆம் ஓடுபாதையில் இடப்பக்கச் சுற்றில், அதாவது ஓடுபாதையை இடப்புறம் வைத்துச் சுற்றி, இறங்க வருபவர், கிழக்கு நோக்கிப் பறக்கும்போது இடது சன்னல் வழியே ஓடுபாதையையும் அதற்கப்பால் காவிரியையும் பார்த்தபடியே வேகமானியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வழி, பார்வைக் கோணங்களைச் சேமித்து வைப்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 விளையாட்டில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு ஓர் எண்ணை அழுத்தினால் அப்போதைய கோணம் சேமிக்கப்படும். பிறகு ஆல்ட்டும் அதே எண்ணும் போதும். செலவில்லை, காட்சியும் ஆடாது. ஆனால் பார்வை ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால், ஓடுபாதை பின்னால் நழுவுவதைக் கண்டு விமானத்தைத் திருப்ப வேண்டிய தருணம் எளிதில் தவறிவிடுகிறது.

தலையசைவைப் பின்பற்றிக் காட்சியைத் திருப்பும் ட்ராக்ஐஆர் என்ற கருவி இக்குறையைத் தீர்க்கிறது. தலையைச் சற்றே திருப்பினால் காட்சி அதைவிட அதிகமாகத் திரும்புவதால் கண் திரையை விட்டு விலகுவதில்லை. உடலை முன்னே சாய்த்தால் சன்னல் சட்டத்தைத் தாண்டியும் எட்டிப் பார்க்கலாம். அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் கருவி என்பதால், தஞ்சாவூர் வெயில் சன்னல் வழியே நேராக விழுந்தால் காட்சி குலுங்கும்; திரைச்சீலையை இழுத்து மூடுவது அவசியம். வெப்கேமும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் இதற்குச் சிக்கனமான மாற்று.

சுற்றுப் பயிற்சிக்கு நான் தலையசைவையே பரிந்துரைப்பேன். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கையில் சேமித்த கோணங்களே மேல்.