சாவியும் கத்தியும் போதுமான படம்

மாயா டெரன், தம் கணவர் அலெக்சாண்டர் ஹாமிடுடன் சேர்ந்து 1943இல் லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’, ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைக் குறும்படம். ஸ்டூடியோவும் வசனமும் இல்லை, 16 மி.மீ. கேமராவும், சாவி, கத்தி, பூ போன்ற வீட்டுப் பொருள்களுமே மூலதனம்.

கத்தியை ஏந்தி எழுந்து நடக்கும் நாயகியின் பாதம் ஓரடியில் கடற்கரை மணலிலும், அடுத்தடுத்த அடிகளில் புல்லிலும் நடைபாதையிலும், இறுதியில் வீட்டுக் கம்பளத்திலும் பதிகிறது. நடையின் ஓட்டம் அறுபடாததால், நான்கைந்து எட்டுகளில் ஓர் உலகையே கடந்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். செலவில்லாத இந்த உத்தியை மிஞ்சும் காட்சியைப் பெரிய பட்ஜெட் படங்களில்கூட நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். முகத்துக்குப் பதில் கண்ணாடி பதித்த கறுப்பு அங்கி உருவமும் அப்படியே: ஒப்பனைச் செலவு சொற்பம், அச்சமோ அதிகம்.

1959இல் டெய்ஜி இட்டோ அமைத்த இசை சேர்க்கப்பட்டது. நல்ல இசைதான், ஆயினும் படம் முதலில் மௌனமாகவே வெளிவந்தது என்பதால், ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்கப் பரிந்துரைக்கிறேன். முடிவுக் காட்சி மட்டும் எனக்குச் சற்று அவசரமாகத் தோன்றியது.