மொட்டை மாடிக்கு எதைப் போடுவது: சுண்ணாம்பா, கூல் பெயிண்டா, டைல்ஸா, தெர்மோகோலா?

தருமபுரியில் பழைய ஆர்சிசி வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் பெரிய தலைவலி. சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வாசலில் காற்று சுமாராக வர ஆரம்பித்துவிடும், அதை நம்பி உள்ளே போய் ஃபேனைப் போட்டால் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி மேலேயிருந்து அனல் இறங்கும். எங்கள் வீடு இலக்கியம்பட்டிப் பக்கம், 1991ல் கட்டியது, 850 சதுர அடி, மேலே மாடி எடுக்கவில்லை. மூன்று கோடையாக நானும் கிருஷ்ணகிரியில் இருக்கும் அக்கா வீட்டு மாமாவும் மாற்றி மாற்றிச் செலவு செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இதில் வரும் விலையெல்லாம் எங்களிடம் சொன்ன விலை, பேரம் பேசினால் குறையும், ஊர் மாறினால் மாறும்.

எதைப் போட்டாலும் சண்டை கூரையோடுதான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 22, 23 வாக்கில் மதியச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், கம்பம் நட்டால் நிழல் விழாது. அப்புறம் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை மதியத்தில் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவருக்கு ஒன்றும் பெரிதாகப் படுவதில்லை, முழுக்க வாங்குவது மொட்டை மாடிதான். நாலைந்து அங்குலக் கான்கிரீட் அந்தச் சூட்டைக் கீழே கடத்த சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மதியம் ஒரு மணிக்கு மேலே வாங்கியது சாயங்காலம்தான் சீலிங்கில் வந்து உட்காரும், உட்கார்ந்தால் நடுராத்திரிவரை எழுந்து போகாது.

எங்களுடைய முதல் முயற்சி சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட். ஆள் கூலியோடு மொத்தமாக 3,000 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்பு பாதியில் தீர்ந்துபோனது, பெயிண்டரும் அதற்கப்புறம் வரவில்லை, ஹாலுக்கு மேலே வெள்ளை, படுக்கையறைக்கு மேலே பழைய கறுத்த கான்கிரீட் என்று மாடி அப்படியே நின்றுவிட்டது. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கோட்டில் போய் நின்றேன், இடது கால் வெள்ளையில், வலது கால் கறுப்பில். வலது காலை மூன்று எண்ணுவதற்குள் தூக்கிவிட்டேன், இடது கால் பேசாமல் நின்றது. மே மாதம் மாமா தன் பட்டறையிலிருந்து லேசர் வெப்பமானியைக் கொண்டுவந்து சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீலிங்கைக் காட்டினார்: படுக்கையறையில் 41, ஹாலில் 36. (தகரக் கூரையை அந்தக் கருவியால் அளக்காதீர்கள், பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும்.)

சுண்ணாம்பின் குறை மழை. ஒரு கோடை மழைக்குத் தாங்கும், இரண்டாவதற்குச் சாயம் போன வேட்டி மாதிரி ஆகிவிடும், ஐப்பசிக்குள் ஒன்றும் மிஞ்சாது. மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் இணைத்திருந்தால் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். இதைவிடப் பெரிய குறையை எங்கள் அத்தை கண்டுபிடித்தார். இங்கே மாசி, பங்குனியில் எந்த மாடியைப் பார்த்தாலும் புளி காயும். அத்தை பாய் விரித்துத்தான் காயப் போட்டார். ஆனால் புளியின் பிசின் பாயைத் தாண்டி இறங்கி, புளிப்புப் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு நுரைத்துப் பெயர்ந்தது, பெயர்ந்த தூள் காற்றில் திரும்பப் புளியிலேயே படிந்தது. இரண்டு கூடைப் புளி வீண். "வெயிலுக்கு மருந்து போட்டீங்க மாப்ளே, புளிக்கு யார் போடுவா?" என்றார். பதில் இல்லை.

அடுத்த வருடம் கூல் பெயிண்ட். சதுர அடிக்கு 30 ரூபாய் சொன்னார்கள், மாடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, விரிசல் அடைப்பது, பிரைமர், இரண்டு கோட் எல்லாம் சேர்த்து. வேலை செய்யும் விதம் சுண்ணாம்பும் இதுவும் ஒன்றேதான், இரண்டும் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. பழைய கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் கால்வாசி, அதற்குக் கொஞ்சம் மேல் திருப்பும். நல்ல வெள்ளைப் பெயிண்ட் புதிதில் 80 சதவீதம் வரை திருப்பும். "புதிதில்" என்ற சொல்லுக்குத்தான் காசு. எங்கள் பக்கம் பைபாஸ் தூசு அதிகம், ஒரு வருடத்தில் மாடி அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. தை மாதம் சோப்புத்தூள் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்ததில் பெரும்பகுதி வெள்ளை திரும்பியது. வருடம் ஒருமுறை இந்த வேலைக்கு உடம்பு வளையாது என்பவர்கள் பெயிண்ட் பக்கம் போக வேண்டாம். உரிந்தது ஒரே இடத்தில்தான், வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் மூலையில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. அது பெயிண்டின் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், வாட்டத்தைச் சரிசெய்யாமல் அடித்தது என் தப்பு. அப்புறம் கண்கூச்சம் இருக்கிறது. எதிர் வீட்டு மாடியில் இருக்கும் டீச்சரம்மா இரண்டாம் நாளே சொல்லிவிட்டார், "மத்தியானம் ஜன்னலைத் திறக்க முடியலைங்க தம்பி, கண்ணைக் குத்துது."

மாமா என்னைப் போலச் சில்லறையாகச் செலவு செய்யும் ஆள் கிடையாது. நேராக வெள்ளைக் கூலிங் டைல்ஸ், சதுர அடிக்கு 110 ரூபாய். அவர் வீட்டில் ஏற்கெனவே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே சிவப்புத் தட்டோடு பதித்த பழைய தளம் இருந்தது. இப்படிப்பட்ட தளம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை உடைக்காதீர்கள், இன்று அதே மாதிரி இடித்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். அதன் ஒரே குறை நிறம்தான், பாசி பிடித்துக் கறுத்த தட்டோடு வெயிலைக் குடிக்கும். கழுவி வெள்ளை அடித்தாலே பாதி வேலை முடிந்தது. மாமா கேட்கவில்லை, அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினார். இதில்தான் எனக்குப் பயம். இரண்டு அங்குலக் கலவை சதுர அடிக்கு 10 கிலோ வரை வரும், 1,000 சதுர அடிக்குப் பத்து டன். முப்பது வருடத் தளத்தின் தலையில் அதை ஏற்றுவதற்கு முன் ஒரு என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டியே ஆக வேண்டும். மாமா காட்டினார், அவர் தளம் தாங்கும் என்றார்கள், சரி.

கீழே சீலிங்கை அளந்தால் மாமாவின் டைல்ஸும் எனது பெயிண்டும் ஒரு டிகிரிக்குள்தான் வித்தியாசப்பட்டன. டைல்ஸில் குளிர்ச்சி தருவதும் பெரும்பாலும் அந்த வெள்ளை நிறம்தான், கனம் இல்லை. மூன்றரை மடங்கு காசு கொடுத்து அவர் வாங்கியது உழைப்பு. கழுவிவிட்டால் புத்தம்புதிது, புளி போடலாம், கேழ்வரகு கொட்டலாம், கறை துடைத்தால் போகும். மழை ஈரத்தில் மட்டும் வழுக்கும், மாமா ஒருமுறை விழுந்து எழுந்தார். இணைப்பில் விரிசல் விட்டால் தண்ணீர் எங்கே இறங்கி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது, அது தனி வேதனை.

தளத்துக்கு அடியில், அறைக்குள் தெர்மோகோல் வைத்துத் தொங்கவிடும் ஃபால்ஸ் சீலிங்தான் எங்கள் பக்கம் இப்போது எல்லோரும் செய்வது, எனக்கு அறவே பிடிக்காததும் அதுதான். பிடிக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். தடுப்பு கீழே இருந்தால் மேலே இருக்கும் கான்கிரீட் முழு வெயிலையும் வாங்கிக்கொண்டே இருக்கும், தினமும் விரிந்து சுருங்கும், தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு கோடு விடும். பழைய வீடுகளில் அந்தக் கோட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒன்பதரை அடி உயரம் ஒன்பதுக்குக் கீழே வரும், ஃபேனும் இறங்கும், மேலே எலி குடும்பம் நடத்தும். தெர்மோகோல் தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும், பழைய வயரிங் அதன் மேலேயே ஓடுகிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும்: ஏசி போட்ட அறைக்கு இது வேலை செய்கிறது. மாமா வீட்டு ஏசி அறையில் முன்பு கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, இப்போது விட்டு விட்டு ஓடுகிறது. ஏசி இல்லாத அறைக்கு இதைப் போடுவது குளிக்காமல் சென்ட் அடிப்பது மாதிரி.

ஏசியே கதி என்று இருப்பவர்களுக்கு நல்ல வழி எக்ஸ்பிஎஸ் போர்டு. நெருக்கமான நுரைப் பலகை, தண்ணீர் குடிக்காது, தளத்துக்கு மேலே பரப்பி அதன்மேல் கோழிவலை வைத்துக் கலவை போடுவார்கள். கான்கிரீட் இதைவிட ஏறக்குறைய 50 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மத்திய அரசின் 2018 எகோ நிவாஸ் சம்ஹிதா விதி, வீட்டுக் கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக்கூடாது என்கிறது. வெறும் நாலு அங்குல ஆர்சிசி மூன்றரைக்கு மேல் இறக்கும். ஒரு அங்குல போர்டு சேர்த்தாலே ஒன்றுக்குக் கீழே வந்துவிடுகிறது, இது நானே போட்டுப் பார்த்த கணக்கு. சதுர அடிக்கு 150க்கு மேல் சொன்னார்கள். அடியில் வாட்டர் ப்ரூஃப் சரியாகச் செய்யாமல் போட்டால் ஒழுகும் நாளில் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியதுதான். எனக்குக் கட்டுப்படியாகவில்லை, ஏசியும் இல்லை, விட்டுவிட்டேன்.

பச்சை வலைப் பந்தல் பற்றிக் கேட்பார்கள். நிழல்தான் எல்லாவற்றிலும் சிறந்த மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் வலை ஆடிக்காற்றில் கிழிந்து மூன்று தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தில் தொங்கியது. அதே நிழலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சோலார் பேனல் பாருங்கள், 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி மறையும், 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. குளிர்ச்சிக்காக மட்டும் வாங்கும் பொருள் இல்லை அது, கரண்ட் பில் பெரிதாக வரும் வீட்டுக்குப் பொருந்தும். பழைய சிமெண்ட் ஷீட் கூரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துளையும் போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஓசூர் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்றார். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் கேட்பார். ஒரே மாவட்டம்தான், ஆனால் கிருஷ்ணகிரி டவுன் அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் கீழே கிடக்கிறது. ஓசூருக்குச் சுண்ணாம்பு போதும், மாமாவின் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஏசி இல்லாத என் போன்ற வீட்டுக்கு வாட்டம் சரிசெய்து, ஒழுகலை அடைத்து, கூல் பெயிண்ட். இதுதான் நான் மாமாவோடு இரண்டு வருடமாக வாதாடும் கட்சி. கையில் 3,000தான் இருக்கிறது என்றால் சுண்ணாம்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்திரைக்குக் காத்திருக்காமல் மாசியிலேயே அடித்துவிடுங்கள், அதுவும் காலையில், சூடேறிய தளத்தில் அடித்தால் பிடிக்காமல் காய்ந்துவிடும்.

இந்த மாசியில் எங்கள் மாடிக்கு மறு கோட் அடிக்கிறோம். கிழக்கு ஓரத்தில் மட்டும் கைப்பிடிச் சுவரை ஒட்டி டைல்ஸ். கொத்தனார் வந்து அளந்து பார்த்துவிட்டு, "பத்துக்குப் பதினாறு அடி, இது என்னங்க கணக்கு, ரவுண்டா இருநூறு சதுர அடி போட்டுக்கலாமே?" என்றார். அது அத்தையின் புளிப் பாய் இரண்டை விரித்து, நடுவே ஆள் நடக்க இடம் விட்ட கணக்கு.