ஜேமர்சனா, ஜாகோவா? கல்லடிக் காற்றுக்கு எது சரி

மட்டக்களப்பில் பேஸ் கிற்றார் பழக வரும் பொடியன்கள் ஃபெண்டர் கம்பனியின் இரண்டு மாடல்களில் பிரிசிஷன் வாங்குவதா, ஜாஸ் வாங்குவதா என்று கேட்பார்கள். கேட்கும்போதே யூடியூபில் ஜாஸ் பேஸ் வாசித்த ஜாகோ பஸ்டோரியஸைப் பார்த்து மனம் ஜாஸ் பக்கம் போயிருக்கும். நான் பிரிசிஷன் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கட்சி.

அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பனிப் பாட்டுகளுக்கு ஜேமர்சன் வாசித்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன். மேற்சுற்று தட்டையாக இருக்கும் தடித்த ஃப்ளாட்வுண்ட் கம்பி, உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பொஞ், வலக்கையில் சுட்டுவிரல் மட்டும். ஒலி ‘தும்’ என்று விழுந்து உடனே அடங்கிவிடும்.

ஜாகோவின் கிற்றாரும் 1962ஆம் ஆண்டுதான், ஆனால் ஜாஸ் பேஸ். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளான ஃப்ரெட்டுகளைக் கழற்றிப் பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபொக்சிப் பிசினை மேலே பூசியிருந்தார். மேற்சுற்று உருண்டையாக இருக்கும் ரவுண்ட்வுண்ட் கம்பியின் சொரசொரப்பு வெறும் மரத்தை அரம்போல அராவிவிடும் என்பதால் அந்த வேலை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளதைத் திறந்து, விரலையும் அங்கேயே வைத்து வாசிப்பார். மூக்கால் பாடுகிற அந்தக் குரல் அங்கிருந்து வருவது.

சிக்கலும் அங்கேதான். ஜாஸின் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள், மின்சார இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டும். ஒன்றை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஊரே கேட்கும். ஒரு கலியாண மண்டபத்தில் ஜெனரேட்டரும் கலர் லைட்டும் சேர்ந்து எனக்கு இதைக் காட்டின. பாட்டுக்கு நடுவே நான் நிறுத்தியும் கிற்றார் நிறுத்தவில்லை. பிரிசிஷனில் 1957 முதல் பிக்கப் இரண்டு துண்டு, இரைச்சலைத் தானே வெட்டிக்கொள்ளும். எர்த் சரியில்லாத மண்டபத்துக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்தது கல்லடிக் கடற்கரையின் உப்புக்காற்று. ரவுண்ட்வுண்ட் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் உப்பும் ஏறினால் ஜாகோவின் பளபளப்புச் சில கிழமைகளில் போய்விடும். ஃப்ளாட்வுண்ட் செட் விலை கூடத்தான், ஆனால் மங்க மங்க அதற்கு நல்லது. ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம்.

நம் ஆட்டப்பாட்டு பைலாவுக்கும் இதுதான் பொருந்தும். ஆறெட்டுத் தாளத்தில், எதிரொலிக்கும் மண்டபத்தில் நீண்டு இழுபடும் ஒலி குழம்பாகிவிடும். ஃப்ரெட் இல்லாத கிற்றாரென்றால் இன்னும் மோசம்: சத்தமான மேடையில் சுருதி விலகுவது வாசிப்பவருக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

ஆனால் ஒரு இடத்தில் ஜாகோவிடம் தோற்றுப்போகிறேன். கமகத்தோடு இழுக்க வேண்டிய மெதுவான மெலடிக்கு ஃப்ரெட் குறுக்கே நிற்கும். அந்த வழுக்கல் ஜேமர்சன் வழியில் கிடைக்கவே கிடைக்காது. வீட்டில், இரவில், சின்ன அம்ப்ளிஃபயரில் எனக்கு அதுதான் வேண்டும்.

ஜாஸின் கழுத்து ஒடுக்கம், தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் அகலம் 38 மில்லிமீற்றர்தான். சின்னக் கைக்கு லேசு. அதனால் ஏற்கெனவே ஜாஸ் வாங்கிவிட்டவர் விற்க வேண்டாம். ஃப்ரெட்டைக் கழற்றாமல் ஃப்ளாட்வுண்ட் போடுங்கள், இரண்டு வொலியூமையும் முழுதாகத் திறங்கள், டோனைப் பாதிக்குக் குறையுங்கள், பிரிட்ஜ் அருகே கம்பிக்கடியில் ஸ்பொஞ் செருகுங்கள். கோப்பை கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு கீலம் போதும். அம்மாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.