பீசா நகரில் மீன் சாப்பிடுகிறீர்களா? விலைக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

இத்தாலி போகிறவர்கள் ஏமாறாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். முதுகுப்பையோடு சுற்றிக்கொண்டிருந்த நானும் கணவரும், ஃபிளாரன்ஸிலிருந்து லா ஸ்பெட்சியா போகும் வழியில், சாய்ந்த கோபுரத்துக்காக பீசாவில் நான்கு மணி நேரம் இறங்கினோம். சென்ட்ராலே நிலையத்தில் காசு கட்டிப் பைகளை வைத்துவிட்டு, ஆர்னோ ஆற்றைத் தாண்டி நடந்தோம்.

கோபுரத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. 1173-இல் தொடங்கி, கட்டும்போதே சாய்ந்துவிட்ட கோபுரம் அது. 1990-இல் மூடி, வடக்குப் பக்கத்து மண்ணைத் தோண்டியெடுத்துக் கொஞ்சம் நிமிர்த்தி, 2001-இல் மறுபடி திறந்தார்கள். அதைக் கையால் தாங்குவதுபோல் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரி, நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் பசி. சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் மெனுவோடு வாசலிலேயே நின்று கூப்பிட்டார். "எத்தனை மணிக்கு ரயில்?" என்று அக்கறையாக விசாரித்தார். சொல்லித் தொலைத்தோம்.

மெனுவில் சுட்ட கடல்மீன் 7 யூரோ. அந்த விலைக்கு முழு மீனா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்து ஊர், மலிவாக இருக்கும் என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டோம். தட்டில் ஒரு பெரிய மீனைக் கொண்டுவந்து காட்டி, "இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார். தலையாட்டினோம். காசிமேட்டில் தராசைப் பார்க்காமல் ஒரு மத்தி வாங்கமாட்டேன் நான்!

பில் ஒரு துண்டுச்சீட்டில், கையால் எழுதி வந்தது. மீன் 66.50. காய்கறி 7. தண்ணீர் 4. உட்கார்ந்ததற்கு, அதாவது 'கொபெர்த்தோ', ஆளுக்கு 3. சேவைக் கட்டணம் என்று 8.35. மொத்தம் 91.85 யூரோ.

கேட்டதும் மெனுவைத் திருப்பி, 7-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த 'ஹெச்.ஜி.'யைத் தொட்டுக் காட்டினார். 'எத்தோ', அதாவது 100 கிராமுக்கு விலை. எங்கள் மீன் 950 கிராமாம். நிறுத்ததை நாங்கள் பார்க்கவில்லை. ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது, நிலையத்துக்கு நடக்கவே அரை மணி ஆகும். அது அவருக்கும் தெரியும், நாங்கள்தானே சொன்னோம்.

கணவர் மட்டும் விடவில்லை. "ஸ்கொன்த்ரீனோ" என்றார். கடைக்காரர் சட்டப்படி கொடுக்கவேண்டிய ரசீது அது. உள்ளே போனவர் அச்சடித்த ரசீதோடு வந்தார். அதில் சேவைக் கட்டணத்தைக் காணோம். 83.50 யூரோ கட்டினோம், நம் பணத்தில் ஏழாயிரத்துக்கும் மேல்.

எத்தோ விலை இத்தாலி முழுக்க உண்டு, அதில் தப்பில்லை. கொபெர்த்தோவும் மெனுவில் போட்டிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மீன் அடுப்புக்குப் போகும் முன் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லி, மொத்த விலையை எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் எழுந்துவிடுங்கள். ரயில் நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம். அன்று இரவு லா ஸ்பெட்சியாவில் ஃபரினாத்தா வாங்கினோம், நம் கடலைமாவு அடை மாதிரி இருக்கும். கடைக்காரம்மா கத்தியை எடுத்ததுமே, "ஒரு துண்டுக்கா, எத்தோவுக்கா?" என்று கணவர் பதறினார். அந்தம்மா சிரித்துவிட்டு, துண்டைத் தராசில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார்.