நிக்கல் கழுவுதண்ணீருக்கு எந்த ரெசின்?

முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீரில் நிக்கல் கரைந்திருக்கும். அதைப் பிடித்து எடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் மணிகள்தான் ரெசின். கோயம்புத்தூர்ப் பக்கம் நிக்கல் முலாம் பூசும் பட்டறைக்காரர்கள் ரெசின் வாங்கப் போனால் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், கழுவப் பயன்படுத்தும் போர்வெல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். எந்த ரெசின் என்பதை முடிவு செய்வது அதில் உள்ள கால்சியம்தான்.

தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரில் போடும் தேன் நிற ரெசின் மலிவு, எங்கும் கிடைக்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் சல்ஃபோனிக் தொகுதி சேர்த்தது. நேர்மின் அயனி எது வந்தாலும் பிடிக்கும். சிக்கலே அதுதான். லிட்டருக்கு 30 மில்லிகிராம் நிக்கலும் 150 மில்லிகிராம் கால்சியமும் இருக்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மின்சுமைக் கணக்கில் கால்சியம் ஏழு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, இந்த ரெசினுக்கு நிக்கலைவிடக் கால்சியத்தின் மேல்தான் பிடிப்பு சற்று அதிகம். நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு இதை வாங்குவது வீண் செலவு.

கீலேட் ரெசினின் உடம்பும் அதே பாலிஸ்டைரீன்தான். ஆனால் இதில் இருப்பது இமினோடைஅசெட்டிக் தொகுதி. ஒரு நைட்ரஜனும் இரண்டு கார்பாக்சிலும் சேர்ந்து நிக்கலை நண்டுபோலக் கவ்வும். கால்சியத்தை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது. வெளிறிய மணிகள் மேலிருந்து பச்சையாகிக்கொண்டே வருவதைக் கண்ணாடிக் குழாயில் பார்க்கலாம். நிரம்பியதும் நீர்த்த கந்தக அமிலம் விட்டால் நிக்கல் சல்ஃபேட்டாக இறங்கிவிடும். சுத்தமாக இருந்தால் முலாம் தொட்டிக்கே திருப்பலாம். சுண்ணாம்பு போட்டுச் சேறாக்கினால் இந்த வரவு கிடையாது. அப்புறம் கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டு ரெசினைச் சோடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அமிலத்தன்மை மிஞ்சினால் நிக்கல் ஒட்டாது. சோடிய நிலைக்கு மாறும்போது மணிகள் நன்றாக உப்பும், குழாயில் மேலே இடம் விடுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் உலோகம் பிடிக்கும். ஆனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு கொடுக்காவிட்டால் பல அமிலங்களில் கரைந்துபோகும்.

அயனி அச்சுப் பாலிமர் அழகான யோசனை. நிக்கலை உள்ளே வைத்தே பாலிமரை உருவாக்கி, பிறகு அமிலத்தால் கழுவி எடுத்தால் நிக்கலுக்கு ஏற்ற குழி மிஞ்சும். உலோக அயனியை அச்சாக வைக்கும் இந்த உத்தியை 1976இலேயே ஜப்பானில் நிஷிடே குழுவினர் செய்துகாட்டினார்கள். பெரும்பாலும் இன்னும் ஆய்வகச் சரக்குதான். அரைத்த தூளாக இருந்தால் குழாயையும் அடைக்கும்.

குரோம் கழுவுதண்ணீரை மட்டும் இதோடு கலக்காதீர்கள். அதில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் எதிர்மின் அயனியாக இருப்பதால் மேலே சொன்ன முதல் இரண்டு ரெசின்களிலும் நிற்காது. மணிகளையும் ஆக்சிஜனேற்றிக் கெடுக்கும். அதற்குத் தனிக் குழாய், தனித் தொட்டி.